தரைக்குக் கீழே ஓர் அறை: ஊற்று, ஓதம், வடிகால், பம்பு

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள தேவாரத்தில் ஒரு கொத்தனாரிடம் போய் "பேஸ்மெண்டுல தண்ணி வருதுண்ணே" என்று சொன்னால், அவர் வீட்டைச் சுற்றி வெளியே நடந்து சுவரின் அடியைப் பார்ப்பார். நம் பக்கம் பேஸ்மெண்ட் என்றால் கடைக்காலுக்கு மேல் மண் நிரப்பி எழுப்புகிற மேடை. "பேஸ்மெண்ட் மூணடி போட்டிருக்கேன்" என்று வீடு கட்டுகிறவர் பெருமையாகச் சொல்வது அதைத்தான். மண்மட்டத்துக்குக் கீழே இருக்கும் அறைக்கு இங்கே அண்டர்கிரவுண்டு என்று பெயர். இந்த அத்தியாயம் அந்த அண்டர்கிரவுண்டு அறையைப் பற்றியது. வேலைக்கு ஆள் கூப்பிடும்போதும் அந்தச் சொல்லையே சொல்லுங்கள்.

கம்பம் பள்ளத்தாக்கில் இப்படிப்பட்ட அறைகள் அதிகம் இல்லை. இருப்பவை மூன்று வழிகளில் வந்தவை. தேவாரத்தின் மேற்கே நிலம் மலையை நோக்கி ஏறுகிறது. அங்கே கிழக்கு வாசல் வைத்து, வாசல் மட்டத்துக்கே தரையையும் எடுத்தால், பின்சுவர் நாலடி ஐந்தடி மண்ணுக்குள் போய்விடும். முன்னால் தரைத்தளமாக இருக்கும் வீடு பின்னால் அண்டர்கிரவுண்டாக இருக்கும். இரண்டாவது, கடைவீதியில் இடம் போதாமல் வியாபாரிகள் தோண்டிக்கொண்ட சரக்கறை. மூன்றாவதை யாரும் விரும்பிக் கட்டவில்லை. தார் ரோட்டின் மேல் தார் ரோடு, அதன் மேல் சிமெண்டு ரோடு என்று தெரு உயர்ந்துகொண்டே போனதில், தாத்தா இரண்டு படி ஏறிப் போன வீட்டுக்குள் பேரன் ஒரு படி இறங்கிப் போகிறான். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய ரோடு போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவு அனுப்பினார். உங்கள் தெருவில் வேலை தொடங்கும் அன்று இதைச் சொல்லிக் கேளுங்கள். ஜல்லி கொட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

மலைக்கு அந்தப் பக்கம் ஆனி, ஆடியில் கொட்டித் தீர்க்கும். நமக்குக் காற்றும் கொஞ்சம் சாரலும்தான் கிடைக்கும். நம் மழை ஐப்பசி, கார்த்திகையில் வருவது. இடையில் சித்திரை, வைகாசியில் ஒன்றிரண்டு கோடை மழை. அதனால் ஆண்டில் எட்டு ஒன்பது மாதம் காய்ந்து கிடக்கும் அறையைப் பார்த்துவிட்டு, "இங்கே தண்ணீர் வராது" என்று சரக்கை அடுக்கிவிடுகிறோம்.

தேவாரத்துக்கு அருகே பொட்டிப்புரம் மலையை நியூட்ரினோ ஆய்வகத்துக்காகத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம், அது பிளவு குறைந்த திண்மையான சார்னோகைட் பாறை என்பது. அந்த ஆய்வகம் வேண்டுமா வேண்டாமா என்பது வேறு விவாதம். வீடு கட்டுகிறவருக்கு அந்தப் பாறையிடமிருந்து தெரிய வேண்டியது ஒன்று: அது தண்ணீரைக் குடிக்காது. மலைச்சரிவில் பெய்த மழை மேல்மண்ணுக்குள் இறங்கி, பாறையின் முதுகைத் தொட்டதும் அதற்கு மேல் இறங்க வழியில்லாமல், சரளைக்கும் பாறைக்கும் நடுவே கிழக்கே சரிந்து வரும். நீங்கள் அண்டர்கிரவுண்டு தோண்டும்போது அந்தப் பாதையைத்தான் குறுக்கே வெட்டுகிறீர்கள். மழை விட்டு இரண்டு மூன்று நாள் கழித்துச் சுவரடியில் ஊற்று எடுப்பது இதனால்தான். வானம் வெளுத்துவிட்டதே, இப்போது ஏன் வருகிறது என்று குழம்ப வேண்டாம். அது முந்தாநாள் மழை, இப்போதுதான் நடந்து வந்து சேர்ந்திருக்கிறது.

இன்னொரு வரவும் உண்டு. லோயர்கேம்ப் பக்கமிருந்து வரும் 18-ம் கால்வாயில் பெரியாற்றுத் தண்ணீர் திறந்துவிட்டால் வழியில் உள்ள கண்மாய்கள் நிரம்பும், சுற்றுக் கிணறுகளில் மட்டம் ஏறும். கண்மாய்க்கு அருகே பள்ளத்தில் அறை இருந்தால் மழையே இல்லாமல் தரை ஈரமாகலாம். விவசாயிக்குச் சந்தோஷமான அந்த நாளில் சரக்கறைக்காரர் விழிப்பாக இருக்க வேண்டும்.

ஆகவே பணம் செலவழிக்கும் முன் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எந்தத் தேதியில் மழை, எந்தத் தேதியில் கசிவு, சுவரின் எந்த மூலை, எவ்வளவு உயரம், கால்வாயில் தண்ணீர் எப்போது விட்டார்கள். ஒரு பருவம் முழுக்க எழுதிய நோட்டு, நாலு பேர் வந்து பார்த்துச் சொல்லும் யூகத்தைவிட அதிகம் பெறும். மழை பெய்யும்போதே கசிந்தால் அது கூரைத் தண்ணீர் அல்லது முற்றத்துத் தண்ணீர். இரண்டு மூன்று நாள் கழித்து வந்தால் மலை ஊற்று. மழைக்கும் வெயிலுக்கும் மாறாமல் ஆண்டு முழுக்க ஒரே இடம் நனைந்திருந்தால் அது பெரும்பாலும் நம் வீட்டுத் தண்ணீரேதான்: சம்பு, செப்டிக் டேங்க், சுவருக்குள் போகும் குழாய்.

சம்பைச் சந்தேகித்தால், இரவில் எல்லாக் குழாயையும் அடைத்து, தண்ணீர் மட்டத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, காலையில் பாருங்கள். கோட்டுக்கு ஓர் அங்குலம் கீழே இறங்கியிருந்தால் அந்த அங்குலம் உங்கள் அண்டர்கிரவுண்டுக்குத்தான் போகிறது. வெளியே ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் சம்பைப் பூசுங்கள்.

ஓதம் வேறு, ஊற்று வேறு. சுவரில் ஓரடி இரண்டடி உயரத்துக்கு ஈரம் ஏறி, பெயிண்ட் உரிந்து, வெள்ளை உப்பு பூத்திருந்தால் அது மண் ஈரத்தைச் சுவர் உறிஞ்சுவது. தரையெல்லாம் வியர்த்தது போல் இருந்தால் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த தரையில் படிகிறதோ என்றும் பார்க்க வேண்டும். இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டித் தரையில் இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு அடியில் நீர்முத்துகள் இருந்தால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. மேல்பக்கம் இருந்தால் அது காற்றின் ஈரம். இரண்டாவதற்கு வடிகாலும் வேண்டாம், பம்பும் வேண்டாம். எதிரெதிரே இரண்டு திறப்பும் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் போதும். மழை நாளில் ஜன்னலைத் திறந்து வைத்தால் ஈரம் கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வெளியிலேயே திருப்பிவிடுவது

1,000 சதுர அடிக் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுகிற தண்ணீர் சுமார் 4,650 லிட்டர். கிட்டத்தட்ட ஒரு டிராக்டர் டேங்கர். அதைச் சுவரோரம் இறக்கிவிட்டு, உள்ளே கசிகிறது என்று பெயிண்ட் வாங்குகிறவர்கள் அதிகம். மொட்டைமாடிக் குழாய்களைச் சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். வீட்டைச் சுற்றி முதல் பத்தடிக்கு ஆறு அங்குலம் வாட்டம் வெளிப்பக்கமாக இருக்க வேண்டும். டியூப் லெவல் வைத்துப் பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள். மலைச்சரிவில் பின்பக்க நிலமே வீட்டை நோக்கி இறங்கும். அங்கே பின்சுவருக்கும் மேட்டுக்கும் நடுவே ஒரு திறந்த சிமெண்டு வாறுகால் கட்டி, மேற்பரப்பில் வரும் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பி, வீட்டைச் சுற்றி முன்னால் கொண்டுவந்து விடுங்கள்.

இங்கே மழைநீர் சேகரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் அது கட்டாயம். நிலத்தடி நீர் குறைந்த இந்தப் பகுதிக்கு அது உயிர்நாடி, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் உறிஞ்சுகுழியை எங்கே தோண்டுவது என்று யாரும் யோசிப்பதில்லை. அண்டர்கிரவுண்டுச் சுவரை ஒட்டி மூன்றடியில் தோண்டினால், கூரைத் தண்ணீர் முழுவதையும் அந்தச் சுவருக்கே ஊட்டுகிறோம். குழி வீட்டுக்குக் கீழ்ச்சரிவில், சுவரிலிருந்து தூரத்தில் இருக்கட்டும். மேட்டுப்பக்கம் வேண்டவே வேண்டாம்.

இத்தனை செய்தும் மலை ஊற்று வருகிறதென்றால் அடுத்தது மண்ணுக்குள் வடிகால். இதில்தான் நான் அதிக நேரம் செலவிடப் போகிறேன். சரிவில் இருக்கும் வீட்டுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. கரண்டு வேண்டாம், மோட்டார் வேண்டாம், இரவில் எழுந்து பார்க்க வேண்டாம்.

பின்சுவருக்கு மேற்கே, மேட்டுப்பக்கம், சுவருக்கு இணையாக ஒரு பள்ளம் எடுக்க வேண்டும். பள்ளத்தின் அடி உள்தரையின் மட்டத்துக்குக் கீழே ஓர் அரை அடியாவது இருக்க வேண்டும். அதே சமயம் கடைக்காலின் அடிமட்டத்துக்குக் கீழே போகக் கூடாது. போனால் கடைக்காலுக்குக் கீழிருக்கும் மண் பள்ளத்துக்குள் சரிந்து சுவர் உட்காரும். பழைய கருங்கல் சுவராக இருந்தால் நாற்பதடியையும் ஒரே நாளில் திறந்து போடாதீர்கள். எட்டடி பத்தடியாகத் தோண்டி, குழாய் வைத்து, மூடி, அடுத்ததற்குப் போங்கள். பள்ளத்தின் ஆழம் ஐந்தடிக்கு மேல் போனால் பக்கத்துக்குப் பலகையும் முட்டும் கொடுக்காமல் ஆளை இறக்காதீர்கள். சரளை மண் நின்றபடியே இருக்கும், திடீரென்று விழும். ஜே.சி.பி. வைத்துத் தோண்டுகிறவரும் எடுத்த மண்ணைப் பள்ளத்தின் விளிம்பிலேயே குவிக்கக் கூடாது.

பள்ளத்தின் அடியில் வாட்டம் நூற்றுக்கு ஒன்று. நாற்பதடி நீளத்துக்கு ஐந்து அங்குலம் இறங்க வேண்டும். அடியிலும் வெளிப்பக்கத்திலும் வடிகட்டித் துணியை விரியுங்கள். ஜியோடெக்ஸ்டைல் என்று கேட்டால் பெரிய ஊர் ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும். பழைய சாக்கைப் போடாதீர்கள், அது இரண்டு பருவத்தில் மக்கிப் போகும். துணியின் மேல் மூன்று அங்குலம் முக்கால் ஜல்லி. அதன் மேல் நாலு அங்குல பி.வி.சி. குழாய், ஓட்டைகள் கீழ்ப்பக்கம் பார்த்தபடி. இந்த இடத்தில் கொத்தனாரும் பிளம்பரும் உங்களோடு வாதிடுவார்கள். ஓட்டை மேலே இருந்தால்தானே தண்ணீர் உள்ளே விழும் என்பார்கள். தண்ணீர் மேலிருந்து சொட்டுவதில்லை, ஜல்லிக்குள் அடியிலிருந்து ஏறுகிறது. ஓட்டை கீழே இருந்தால் குழாயின் அடி வரை ஏறியதுமே உள்ளே நுழைந்து ஓடிவிடும். மேலே இருந்தால் குழாய் முழுக மூழ்கிய பிறகுதான் வேலை தொடங்கும். பிறகு குழாயைச் சுற்றியும் மேலும் ஜல்லியை நிரப்பி, தரைமட்டத்துக்கு ஓரடி கீழே வரை கொண்டுவந்து, துணியை மடித்து மூடி, மேலே களிமண் கலந்த மண்ணால் இறுக்கிவிடுங்கள். மேல்மழை நேராக வடிகாலுக்குள் இறங்காமல் இந்தக் களிமண் தடுக்கும். குழாயின் மேட்டு முனையில் நட்டுக்குத்தாக ஒரு குழாயைத் தரைக்கு மேல் வரை ஏற்றி மூடி போட்டு வையுங்கள். பின்னாளில் அடைப்பு வந்தால் அதன் வழியே தண்ணீர் பீய்ச்சிக் கழுவலாம்.

பள்ளம் திறந்திருக்கும் இந்த ஒரு வாரம்தான் சுவரின் வெளிமுகத்தை நீங்கள் பார்க்கக் கிடைக்கும் ஒரே சந்தர்ப்பம். அதை வீணாக்காதீர்கள். மண்ணைச் சுரண்டி, கல் இடுக்குகளில் சிமெண்டு அடைத்து, பூசி, காய்ந்ததும் வாட்டர்புரூஃப் கலவையை இரண்டு கை அடியுங்கள். தண்ணீர் தள்ளுகிற பக்கத்தில் அடித்த பூச்சு சுவரோடு ஒட்டி நிற்கும். உள்பக்கம் அடித்ததைப் பின்னாலிருந்து தண்ணீரே தள்ளி உரித்துவிடும்.

குழாயின் கீழ்முனை எங்கே போய்த் திறக்கிறது என்பதுதான் கடைசிக் கேள்வி, ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. சரிவின் கீழே உங்கள் நிலத்திலேயே மழைநீர் ஓடையோ தென்னந்தோப்போ இருந்தால் யோசிக்கவே வேண்டாம். அடுத்தவர் தோட்டமாக இருந்தால் பள்ளம் தோண்டும் முன் போய்ப் பேசுங்கள். "அண்ணே, ஐப்பசி கார்த்திகையில ஒரு குழாய்த் தண்ணி வரும், நல்ல ஊத்துத் தண்ணிதான், வாழைக்குத் திருப்பிக்கிறீங்களா?" என்று கேட்டால் இந்த ஊரில் மறுக்கிறவர் குறைவு. கேட்காமல் விட்டால் அதே தண்ணீர் உத்தமபாளையம் கோர்ட் வரை போகும். தெரு வாறுகாலில் விடுவதென்றால் பேரூராட்சியில் சொல்லிவிட்டு விடுங்கள். வாறுகாலின் அடிமட்டம் உங்கள் குழாயைவிடத் தாழ்வா என்று டியூப் லெவல் வைத்துப் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் மழை நாளில் வாறுகால் உங்கள் வீட்டுக்குள் திரும்பி வரும். குழாயின் வாயில் எலியும் தவளையும் புகாதபடி ஒரு கம்பி வலை போடுங்கள்.

தரையை அடைத்தால் என்ன ஆகும்

வெளியே தோண்ட இடமில்லாத வீடு, கடைவீதிச் சரக்கறை, தெரு உயர்ந்து பள்ளமான வீடு, இவற்றுக்குத் தண்ணீரை உள்ளே வரவிட்டுப் பிடிப்பதுதான் வழி. இதைச் சொன்னதும் வீட்டுக்காரர் முகம் மாறும். "கசியுற தரையில ஒரு நாலு அங்குலம் கான்கிரீட் போட்டு அடைச்சிருவோம்" என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. கணக்குப் பார்ப்போம். நாலு அங்குலக் கான்கிரீட் ஒரு சதுர அடிக்குச் சுமார் 22 கிலோ எடை. அதன் அடிக்கு மேல் ஓரடி உயரத்துக்கு வெளியே நிலத்தடி நீர் ஏறி நின்றால், அது ஒரு சதுர அடிக்கு 28 கிலோ விசையோடு மேல்நோக்கித் தள்ளும். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு அது 3,400 கிலோ. தரை வெடிக்கும், அல்லது நடுவில் உப்பும். சுவரிலும் இப்படியே: நாலடி தண்ணீர் வெளியே நின்றால் சுவரின் அடியில் ஒவ்வொரு சதுர அடியையும் 113 கிலோ உள்ளே தள்ளும். முதல் நாளிலிருந்தே இந்த விசைக்கென்று கம்பி கட்டி வார்த்த பெட்டி அறைக்கு மட்டும்தான் அடைப்பது பொருந்தும். பழைய வீட்டுக்குப் பொருந்தாது.

உள்வடிகால் இப்படி. சுவரோரம் தரையை ஓரடி அகலத்துக்கு வெட்டி எடுத்து, முக்காலடி ஆழத்துக்குத் தோண்டி, வெளியே செய்தது போலவே துணி, ஜல்லி, ஓட்டைக் குழாய். இங்கேயும் கடைக்காலின் அடிக்குக் கீழே போகாதீர்கள். எல்லாக் குழாய்களும் அறையின் தாழ்ந்த மூலையில் ஒரு குழியில் சேர வேண்டும். குழிக்கு இரண்டடி விட்டமுள்ள சிமெண்டு உறை போதும். செப்டிக் டேங்குக்கு இறக்குகிற அதே உறைதான். மூன்றடி ஆழம் இறக்கி, அடியில் அரையடி ஜல்லி போட்டு, மேலே மூடி. மூடி அவசியம். குழந்தை விழும், பல்லி விழும், திறந்த தண்ணீரில் கொசு முட்டையிடும், குழியின் ஈரமெல்லாம் அறைக்குள் ஏறும்.

பம்பு வாங்கும்போது

குழி தயாரானதும் உடனே கடைக்குப் போகாதீர்கள். ஒரு நல்ல மழைக்குக் காத்திருந்து, வாளியால் குழியை இறைத்துவிட்டு, தண்ணீர் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பாருங்கள். இரண்டடி உறையில் பத்து சென்டிமீட்டர் ஏறினால் 28 லிட்டர். அது இரண்டு நிமிடத்தில் ஏறினால் நிமிடத்துக்கு 14 லிட்டர், மணிக்கு 850. அதை இரட்டிப்பாக்கி, 1,700 லிட்டர் என்று வைத்துக்கொண்டு, குழியின் அடியிலிருந்து தண்ணீர் வெளியேறும் உயரத்தையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். பன்னிரண்டு பதினைந்து அடி ஏற்றத்துக்கு அரை ஹெச்.பி. பம்பே தாராளம். கடையில் ஒரு ஹெச்.பி.யைத் தூக்கி வைப்பார்கள், "பெருசா இருந்தா நல்லதுதானே" என்பார்கள். நல்லதில்லை. குழியில் இருக்கும் எண்பது லிட்டரை அது இருபது விநாடியில் இறைத்து நின்று, நிரம்பியதும் மறுபடி கிளம்பி, நாளெல்லாம் கிளம்பிக் கிளம்பியே மோட்டார் எரியும். ஒரு முறை ஓடத் தொடங்கினால் ஒரு நிமிடமாவது ஓடுகிற மாதிரி இருக்க வேண்டும்.

விவசாய ஊரில் பம்புக்குப் பஞ்சமில்லை. வீட்டில் கிடக்கும் மோட்டாரையே போடலாமா என்று கேட்பார்கள். மோனோபிளாக் வேண்டாம். அது தரைக்கு மேல் உட்கார்ந்து உறிஞ்சுவது, ஃபுட்வால்வில் ஒரு சரளைத் துகள் மாட்டினால் காற்று வாங்கிவிடும், நடுராத்திரியில் தண்ணீர் ஊற்றி எழுப்ப ஆள் வேண்டும். கிணற்றுக்குப் போடுகிற ஓப்பன்வெல், போருக்குப் போடுகிற சப்மெர்சிபிள் இரண்டும் தண்ணீருக்குள் முழுக மூழ்கியிருந்தால்தான் குளிரும். மூன்றடிக் குழியில் அவை சூடேறிக் கருகும். கேட்க வேண்டியது டிவாட்டரிங் பம்பு, தானாக ஓடி நிற்கும் ஃப்ளோட் சுவிட்சோடு. கோயம்புத்தூரில் தயாராகும் நல்ல பம்புகள் தேனியில் கிடைக்கின்றன. விலையைப் பார்ப்பதற்கு முன் உதிரி பாகமும் மெக்கானிக்கும் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பம்பை நேராக ஜல்லியில் வைக்காதீர்கள். ஒரு செங்கலின் மேல் வையுங்கள். ஃப்ளோட் உறையின் சுவரில் உரசி மாட்டிக்கொள்ளாமல் சுழல இடம் இருக்கட்டும். கசிவுக் குழி பம்புகள் செயலிழப்பதற்கு இந்தச் சிறு விஷயம் ஒரு பெரிய காரணம். மேலே போகும் குழாயில் ஒரு நான்ரிட்டர்ன் வால்வு போடாவிட்டால், பம்பு நின்றதும் குழாயில் நின்ற தண்ணீர் முழுக்கக் குழிக்கே திரும்பும். வால்வுக்குக் கீழே, பம்புக்கு மேலே, குழாயில் மூன்று மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போட்டுவிடுங்கள். காற்று அடைத்துக்கொண்டு பம்பு வெறுமனே சுற்றுவதை அது தவிர்க்கும். பார்க்கிறவர்கள் ஒழுகுகிறதென்று எம்-சீல் வைத்து அடைத்துவிடாதபடி சொல்லி வையுங்கள். வால்வை ஒட்டி ஒரு யூனியன் இருந்தால் பம்பைக் கழற்றுவது ஐந்து நிமிட வேலை.

இந்தத் தண்ணீரைச் செப்டிக் டேங்கில் விடவே கூடாது. ஒரு மழையில் அது நிரம்பி, கக்கூஸ் வழியே திரும்பும்.

மழையும் கரண்டும்

பெருமழை வந்தால் முதலில் போவது கரண்டு. பம்பு தேவைப்படுகிற நேரமும் அதுதான். வீட்டு இன்வெர்ட்டரில் இணைக்கலாமா என்றால், கணக்குப் பார்த்துவிட்டு இணைக்கலாம். அரை ஹெச்.பி. பம்பு ஓடும்போது 550 வாட் வரை இழுக்கும், கிளம்பும் கணத்தில் அதைப் போல் மூன்று நான்கு மடங்கு. சின்ன இன்வெர்ட்டர் அந்தக் கணத்தில் டிரிப் ஆகும். வாங்கும்போதே பம்பை இணைத்துக் கிளப்பிக் காட்டச் சொல்லுங்கள். 150 ஆம்பியர்-அவர் பேட்டரியில் காகிதக் கணக்கில் 1.8 யூனிட் இருந்தாலும், பாதியைத்தான் நம்பலாம். மேலே சொன்ன அளவுக் கசிவுக்குப் பம்பு ஏழு நிமிடத்தில் ஒன்றேகால் நிமிடம் ஓடும். அப்படியானால் எட்டு ஒன்பது மணி நேரம் தாங்கும். ஓர் இரவைக் கடத்த அது போதும், மற்ற ஃபேன், லைட்டை அணைத்து வைத்தால்.

பெட்ரோல் ஜெனரேட்டரை அண்டர்கிரவுண்டுக்குள் வைத்து ஓட்டாதீர்கள். வாசலில் வைத்தாலும் புகை படியிறங்கி உள்ளே வரும். வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு அதில் இருக்கிறது. வெட்டவெளியில், தள்ளி வையுங்கள்.

பம்பின் பிளக்கும் சுவிட்சும் மேல்தளத்தில் இருக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்ட தனி லைனில் வர வேண்டும், எர்த் சரியாக இருக்க வேண்டும். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அறையில் தண்ணீர் நிற்கிறதென்றால், மெயினை அணைத்து உறுதிசெய்யும் வரை ஒரு காலைக்கூட உள்ளே வைக்காதீர்கள். மெயின் சுவிட்சே அந்த அறையில் இருந்தால், மின்வாரியத்தைக் கூப்பிட்டுக் கம்பத்தில் அணைக்கச் சொல்லுங்கள்.

அந்த அறையில் யாரையும் படுக்க வைக்காதீர்கள், பிள்ளைகளைப் படிக்க வைக்காதீர்கள். 2024 ஜூலை 27 அன்று டெல்லி பழைய ராஜிந்தர் நகரில் ஒரு பயிற்சி மையத்தின் அண்டர்கிரவுண்டு நூலகத்துக்குள் தெரு வெள்ளம் புகுந்து, ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மூன்று பேர் இறந்தார்கள். கதவுக்கு வெளியே மூன்றடி தண்ணீர் நின்றாலே அதைத் தள்ளித் திறக்க ஒரு ஆளால் முடியாது. உங்கள் அறைக்கு இரண்டாவது வெளியேறும் வழி இல்லையென்றால், அது சரக்குக்கு மட்டும்.

நிரம்பிவிட்டால்

எல்லாம் மீறி ஒரு நாள் அறை நிரம்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலை தோட்டத்து ஆயில் இன்ஜினை இழுத்து வந்து மதியத்துக்குள் ஒட்ட இறைத்துவிடத் துடிப்பு வரும். அங்கேதான் சுவர் விழுகிறது. வெளி மண் இன்னும் ஊறிப்போய்த் தள்ளிக்கொண்டிருக்கிறது. உள்ளே நிற்கும் தண்ணீர்தான் அதற்கு எதிர்முட்டு. முதலில் ஓரடி இறைத்து, சுவரில் கோடு போட்டு, ராத்திரி விட்டுப் பாருங்கள். மட்டம் மறுபடி ஏறினால் வெளியே இன்னும் தண்ணீர் இருக்கிறது, பொறுங்கள். ஏறாவிட்டால் நாளைக்கு இரண்டடி என்று இறக்குங்கள். இதே காரணத்தால் மழைக்காலத்தில் சம்பையும் முழுக்கக் காலிசெய்யாதீர்கள். காலிச் சம்பு ஊறிய மண்ணில் படகு போல மேலே எழும்பும்.

தண்ணீர் போனதும் சேற்றை அது காயும் முன்பே வாரிவிடுங்கள். காய்ந்தால் கல்லாகும். பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவி, ஃபேன் வைத்து உலர்த்துங்கள். சுவரைப் பூசுவதற்கும் பெயிண்டுக்கும் அவசரப்படாதீர்கள். மாசி, பங்குனி வெயில் வரை சுவர் தன் ஈரத்தை விடட்டும். உப்பு பூத்த பூச்சைக் கல் தெரியும் வரை கொத்தி எடுத்துவிட்டுத்தான் புதிது பூச வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்டையும் பிளாஸ்டிக் பெயிண்டையும் ஏற்றினால் ஈரம் உள்ளேயே சிக்கி இன்னும் மேலே ஏறும். அதற்குச் சுண்ணாம்பே போதும், அது மூச்சு விடும்.

சரக்கைப் பற்றி: ஏலக்காய் காற்றிலுள்ள ஈரத்தைக்கூடக் குடிக்கும். நிறம் வெளுத்து, பூசணம் பிடித்து, போடி ஏலத்தில் விலை போகாது. எவ்வளவு நல்ல வடிகால் போட்டாலும் அண்டர்கிரவுண்டில் அதை வைக்காதீர்கள். தேங்காய், உர மூட்டை, சிமெண்டு எதுவானாலும் ஓரடி உயரப் பலகை மேல், சுவரைவிட்டு அரையடி தள்ளி அடுக்குங்கள். சுவருக்கும் சரக்குக்கும் நடுவே ஒரு கை நுழைந்து தடவிப் பார்க்கிற இடம் இருந்தால், ஈரம் வருவதை மூட்டை நனைவதற்கு முன்பே அறியலாம்.

தெரு உயர்ந்து பள்ளமான வீட்டுக்காரருக்கு இரண்டே குறிப்புகள். குளியலறைக் கழிவு போகும் குழாயில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வை வையுங்கள். வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்புச் சுவரும் அதில் கழற்றி மாட்டும் பலகையும் போடுங்கள். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிற வேலையும் தமிழ்நாட்டில் நடக்கிறது. அதற்குக் கட்டட இன்ஜினியர் ஒருவர் கடைக்காலைப் பார்த்துச் சொன்ன பிறகு முடிவெடுங்கள்.

புரட்டாசி கடைசியில், மழை இறங்குவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். வெளி வடிகாலின் மேட்டு மூடியைத் திறந்து இரண்டு குடம் ஊற்றி, கீழ்முனையில் வருகிறதா என்று ஒருவர் நின்று பார்க்கட்டும். பின்பக்க வாறுகாலில் விழுந்த தென்னை மட்டையை அள்ளுங்கள். கரண்டை அணைத்துவிட்டுக் குழியின் மூடியைத் திறந்து, அடியில் தேங்கிய வண்டலை வாருங்கள். பிறகு கரண்டைப் போட்டு, குடம் குடமாக ஊற்றுங்கள். ஃப்ளோட் மிதந்து, பம்பு தானாகக் கிளம்பி, இறைத்து, தானாக நிற்க வேண்டும். அடுத்து மெயினை அணைத்து, இன்வெர்ட்டரில் ஒரு முறை. இரண்டும் ஓடினால் நோட்டில் தேதியைப் போட்டுக் குறித்து வையுங்கள்.